கொப்பரையின் பின்னால் ஏரியைச் சுற்றி

மருந்து இடிக்கும் சத்தம் எனக்குப் பிடிக்கும், இடிப்பவன் வேறொருவனாக இருந்தால். யாழ்ப்பாணத்துக் கோட்டை ஆஸ்பத்திரியின் மருந்துக் கிடங்கில் உலக்கையும் கையுமாகவே என் வாலிபம் கழிந்தது. சுக்கு, கடுக்காய், ஓமம், திரும்பவும் சுக்கு. ஆகவே ஒல்லாந்து வைத்தியதுரை ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "பழவேற்காட்டுக்குப் போகிறாயா?" என்றபோது எதற்கு என்றுகூட நான் கேட்கவில்லை. உலக்கையைச் சுவரில் சாத்திவிட்டு வந்து நின்றேன்.

எதற்கு என்பதை அவரே பிறகு சொன்னார். எந்தச் செடியை எந்த ஊர் மக்கள் எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்று அவர் ஒரு பெரிய புத்தகம் எழுதத் தொடங்கியிருந்தார். கையிலிருந்த நூல்களெல்லாம் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியவை. ஒருவர் தப்பு செய்தால் எல்லோரும் அதே தப்பைச் செய்திருந்தார்கள். "நம்பிப் படிக்கத்தக்க மூலம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்து வா. புத்தகம், ஏடு, மனிதர், எதுவானாலும் சரி. கிடைத்தால் செடிப்புத்தக வேலை உனக்கு. கிடைக்காவிட்டால் உலக்கை எங்கேயும் போகாது" என்றார். ஒல்லாந்தர் மிரட்டுவதைக்கூட வானிலை சொல்வதுபோல நிதானமாகத்தான் சொல்வார்கள்.

பழவேற்காட்டில் கப்பல் கரைக்கு வராது. எட்டத்தில் நங்கூரம் போட்டுவிடும். அங்கிருந்து கரை சேர்க்க வந்தது ஒரு சலங்கு. ஆணியே இல்லாமல் கயிற்றால் தைத்த படகு அது. எங்கள் ஊர்க் கடல் குளம்போலக் கிடக்கும். இங்கே ஒவ்வொரு அலையும் தனித்தனியே பகை வைத்திருந்தது. படகுக்காரர்கள் பாடிக்கொண்டே துடுப்புப் போட்டார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு பெட்டியைக் கட்டிப்பிடித்திருந்தேன். கரையில் கால் வைத்தபோது பெட்டியைவிட நான்தான் அதிகம் நனைந்திருந்தேன்.

கோட்டை வாசலில் காவல் நின்ற இரண்டு சிப்பாய்கள் தங்கள் பாஷையில் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அது அரைகுறையாகப் புரியும். "இந்த ஊரில் வெயிலையும் இறாலையும் விட்டால் வேறு என்ன இருக்கிறது?" என்றான் ஒருவன். "இறாலைப் பற்றிப் பேசாதே, பசிக்கிறது" என்றான் மற்றவன். ஊரைப் பற்றி எனக்குக் கிடைத்த முதல் தகவல் அதுதான். அது முழுக்க உண்மை என்று பிறகு தெரிந்தது.

கோட்டை வைத்தியர் புதிதாக வந்தவர், நல்ல மனிதர். ரொட்டியும் பாலாடைக்கட்டியும் கொடுத்து உட்காரவைத்தார். பாலாடைக்கட்டியின் வாசனையைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை; அவர்கள் எங்கள் கருவாட்டைப் பற்றி எதுவும் சொல்லாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். வந்த காரியத்தைச் சொன்னதும் அலமாரியின் அடியிலிருந்து ஒரு தடித்த புத்தகத்தை இழுத்து என் முன்னால் வைத்தார். அவருக்கு முன்னே இருந்த வைத்தியர் சேர்த்துவைத்தது. அந்த மனிதர் காய்ச்சலில் இறந்து, கோட்டைக்கு எதிரே உள்ள கல்லறைத் தோட்டத்தில் கிடந்தார்.

திறந்தேன். பக்கத்துக்கு ஒரு செடி. இலை, தண்டு, பூ, வேர்நுனி வரை உலர்த்தி, மெல்லிய நூலால் காகிதத்தோடு தைத்திருந்தார். கடற்கரை மணலில் படரும் அடம்பின் ஊதாப் பூவில் நிறம்கூட மிச்சமிருந்தது. பூச்சி அரித்த இடங்களை விட்டுவிட்டால் ஊரை ஒட்டிய உப்பேரிக்கரையின் காடு முழுவதும் அந்த அட்டைகளுக்கு நடுவே இருந்தது. இதைவிட என்ன வேண்டும், நாளைக்கே கப்பல் ஏறலாம் என்று குதித்தது மனசு.

பிறகுதான் எழுத்தைப் படித்தேன். எங்கே நின்றது, எவ்வளவு உயரம், பூ என்ன நிறம். அவ்வளவே. யார் எதற்குப் பறிக்கிறார்கள் என்பது இல்லை. சேற்றில் நிற்கும் கண்டல் மரத்தின் கிளையைத் தைத்த பக்கத்தில் மட்டும் கீழே ஒரு வரி இருந்தது: "இதன் பட்டையை மீனவர்கள் எதற்கோ கொதிக்க வைக்கிறார்கள்." அந்த 'எதற்கோ' என்னைப் பாடாய்ப் படுத்திவிட்டது. கொதிக்க வைக்கிற இடம்வரை போன மனிதர், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்காமலா திரும்பினார்?

மறுநாள் திருப்பாலைவனத்துக்கு மாட்டுவண்டியில் போனேன். அங்கே வைத்தியப் பாட்டு ஏடுகள் வைத்திருக்கும் பண்டிதர் ஒருவர் இருப்பதாகக் கோட்டையில் மொழிபெயர்க்கும் துபாஷி சொல்லியிருந்தார். பாதி வழியில் வண்டியின் கடையாணி கழன்று, சக்கரம் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாக வயலில் விழுந்தோம். நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண்கள் சிரிப்பை அடக்க முயற்சி செய்யவில்லை. "கப்பல்ல வந்தவரு வண்டில வுழுந்துட்டாரு" என்று ஒருத்தி சொன்னது எனக்குக் கேட்கும்படியாகவே சொல்லப்பட்டது. சேற்றோடு போய்ப் பண்டிதர் வீட்டு வாசலில் நின்றேன்.

அவர் முதலில் கிணற்றடியைக் காட்டினார், பிறகு இலையைப் போட்டார். புதுநெல் சோறு, கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு, கெட்டி மோர். எங்கள் ஊரில் அரிசி விருந்தாளிபோல வந்துபோகும். இங்கே கேட்கக் கேட்கக் குவித்தார்கள். சாப்பிட்ட களைப்பு எனக்குத்தான், அவருக்கு இல்லை. ஏட்டை அவிழ்த்துப் பாட ஆரம்பித்தார். எந்தப் பட்டை புண்ணுக்கு, எந்த இலை வீக்கத்துக்கு, எதைத் தேனில் குழைப்பது, எதை வெறும் வயிற்றில் கொடுப்பது என்று அடிக்கு அடி பயன் கொட்டியது. கோட்டைப் புத்தகத்தில் இல்லாதது எல்லாம் இதில் இருந்தது. எழுதி எழுதி எனக்கு விரல் வலித்தது.

"ஐயா, பாட்டிலை வாற இந்தக் கண்டல் மரத்தை எனக்குக் காட்டேலுமோ?" என்று கேட்டேன்.

அவர் ஏட்டை மூடினார். "பாட்டு தெரியும், மரம் தெரியாது. நான் நெல்லு நடுவுல பொறந்தவன். உப்புத் தண்ணி மரத்தையெல்லாம் எங்க கண்டேன்?" என்றார். வெட்கமெல்லாம் படவில்லை. "தோணிரேவு குப்பத்துக்குப் போங்க. வலை காய்ச்சற காலம் இது. ஏரியச் சுத்தி இருக்கற பட்டை அத்தனையும் அந்தக் கொப்பரைக்கு வந்துதான் ஆவணும்."

கொப்பரை என்ற சொல்லை நான் அன்றுதான் மரியாதையோடு கேட்டேன்.

தோணிரேவுக்குப் போய்ச் சேருமுன்னே வாசனை வந்து எதிர்கொண்டது. புளிப்பும் துவர்ப்பும் புகையுமான வாசனை. ஏரிக்கரையில் மூன்று பெரிய கற்களின்மேல் ஒரு செப்புக் கொப்பரை. ஓர் ஆள் உள்ளே சம்மணமிட்டு உட்காரலாம். அதற்குள் ரத்தச் சிவப்பாக ஏதோ கொதித்தது. நீளமான கட்டையால் ஒரு பெண்மணி கிளறிக்கொண்டிருந்தார். சுற்றிலும் மூங்கில்களில் சிவந்த வலைகள் சொட்டச் சொட்டக் காய்ந்தன. அந்தப் பெண்மணிதான் கங்கம்மா. இந்த முறை ஊருக்காகக் கொப்பரையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அவருடையது.

"அக்கா, இது என்ன பட்டை?" என்றேன்.

"இன்னாத்துக்குக் கேக்கறே தம்பி? நீயும் வலை போடப் போறியா?" என்றார் கிளறுவதை நிறுத்தாமல்.

இறந்துபோன வைத்தியரின் புத்தகத்தைப் பற்றிச் சொல்லி, நான் வரைந்து எடுத்துவந்த கிளையின் படத்தையும் காட்டி, அந்த ஒற்றை வரியைத் தமிழில் சொன்னேன். கங்கம்மா கட்டையை அப்படியே பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "எதுக்கோவா? வலைக்குனு சொல்ல எம்மாம் நேரமாவும்? கேட்டிருந்தா சொல்லியிருப்போமே. நூலு வலைய சும்மா உப்புத் தண்ணில போட்டா நாலு நாள்ல மக்கிப் பூடும். கண்டல் பட்டை, கருவேலம் பட்டை, ஆவாரம் பட்டை, புளியங்கொட்டைத் தோலு, எல்லாம் போட்டுக் காய்ச்சி முக்கி எடுத்தாத்தான் நிக்கும்."

சந்தோஷத்தில் நான் அங்கேயே கைதட்டிவிட்டேன். ஒரு முழுப் புத்தகத்தில் இல்லாத பதில், அடுப்பங்கரையில் இப்படிச் சாதாரணமாகக் கிடந்தது. "பைத்தியம் போல கீது, பாவம்" என்று கங்கம்மா பக்கத்தில் நின்ற தன் தம்பி கன்னியப்பனிடம் சொன்னார். ஆனாலும் எனக்குச் சோறு போட்டார்.

அந்தச் சோற்றைப் பற்றிச் சொல்லாமல் போகக் கூடாது. ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் குந்தியபடியே நகர்ந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். பனையோலைப் பறியின் வாயைப் பல்லால் கடித்துக்கொண்டு, கிடைத்ததை அதற்குள் போடுவார்கள். அப்படிப் பிடித்த இறாலை உமரிக்கீரையோடு வதக்கியிருந்தார். உமரி உப்பு மண்ணில் முளைப்பது. கறிக்கு உப்பே போட வேண்டியதில்லை. எங்கள் கரையிலும் உமரி கிடக்கிறது. யாரும் அதை இப்படி மரியாதையாக நடத்துவதில்லை. மூன்றாவது முறை கேட்டபோது கன்னியப்பன் சட்டியையே என் பக்கம் தள்ளிவிட்டான்.

கொப்பரை ஏரிக்கரை ஊர்கள் எல்லாவற்றுக்கும் பொது. மழைக்காலத்துக்கு முன்னால் ஊர் ஊராகப் போகும். "ஏரியில யாரு எங்க வலை போடறதுன்னு முறை கீது இல்ல, கொப்பரைக்கும் அதே மாதிரி முறை" என்றார் கங்கம்மா. ஒவ்வொரு ஊரும் தன் பக்கத்துப் பட்டையையும் இலையையும் போட்டுத் தன் வலையைக் காய்ச்சிக்கொள்ளும். அடுத்தது சுண்ணாம்புக்குளம். கேட்டதும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கொப்பரையின் பின்னால் போனாலே போதும், ஏரிக்கரையின் செடிகள் எல்லாம் தாமாகவே என்னிடம் வந்துவிடும். இதைவிட நல்ல மூலம் எந்த ராஜ்யத்தில் கிடைக்கும்?

தோணிரேவின் முறை முடியும்வரை கன்னியப்பனோடு திட்டுத் திட்டாக அலைந்தேன். கண்டல் பட்டையை எப்படி உரிப்பது என்று பார்த்தேன். தில்லை மரத்தின் அருகே போனபோது அவன் என் இடுப்பைப் பிடித்துப் பின்னால் இழுத்தான். "பாலு கண்ணுல பட்டா அவ்ளோதாண்ணா" என்றான். எட்ட நின்றே வரைந்தேன். பறித்த ஒவ்வொன்றையும் ஒல்லாந்துக் காகிதங்களுக்கு நடுவே வைத்து, பக்கத்திலேயே பெயர், பயன், எடுக்கும் காலம் எல்லாம் கங்கம்மா சொன்னபடி எழுதி, அடுக்கி, என் மனைவி கொடுத்தனுப்பிய வெள்ளைச் சால்வையில் கட்டினேன். முகம், பெயர், தொழில் மூன்றும் ஒரே மூட்டையில். இறந்த வைத்தியரும் பண்டிதரும் செய்யாததை நான் செய்துவிட்டேன் என்று நெஞ்சு நிமிர்ந்தது. உலக்கை இனி எனக்கு இல்லை.

கொப்பரையைப் படகில் ஏற்றிச் சுண்ணாம்புக்குளத்துக்குப் புறப்பட்டோம். கங்கம்மா முன்னால் உட்கார்ந்திருந்தார். கன்னியப்பன் கழி ஊன்றினான். படகின் அடியில் தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்தது. குறுக்குப்பலகை நனைந்தது, நான் நனைந்தேன். அந்தப் படகிலேயே உலர்ந்த இடம் கொப்பரையின் உள்பக்கம்தான். அதன் அடியில் யாரோ ஒரு பிடி பட்டையைப் போட்டிருந்தார்கள். அது ஏன் அங்கே கிடக்கிறது என்று நான் யோசிக்கவில்லை. மூட்டையைப் பத்திரமாக அதன்மேல் வைத்தேன். இப்படி ஒரு யோசனை எனக்குத் தோன்றியதே என்று பெருமையாகவும் இருந்தது.

சுண்ணாம்புக்குளம் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் படகு சேற்றில் உட்கார்ந்துவிட்டது. கழியால் நெம்பியும் அசையவில்லை. தள்ளுவதற்கு நானும் இறங்கினேன். இரண்டடி வைத்திருப்பேன், முழங்காலுக்குக் கீழே யாரோ நெருப்புக் கயிற்றைச் சுற்றி இழுத்ததுபோல இருந்தது. இரண்டு காலிலும். நான் போட்ட சத்தத்தில் எதிர்க்கரையில் நின்ற பூநாரைகள் எழுந்து பறந்தன.

"சொறி பட்டுடிச்சி" என்றார் கங்கம்மா. தண்ணீரில் மிதக்கும் அந்தக் குழகுழப்பான சொறிமீனை அதற்குப் பிறகுதான் பார்த்தேன். கன்னியப்பன் என்னை மூட்டைபோலத் தோளில் போட்டுக்கொண்டு கரைக்கு நடந்தான்.

கரையில் அந்த ஊர்க் கொப்பரைப் பொறுப்புக்காரி சுப்பம்மா காத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் அடம்பு இலைகளைப் பறித்துக் கசக்கத் தொடங்கினாள். கங்கம்மா அவள் கையைத் தட்டினார்.

"கசக்கினா இன்னா பிரயோசனம்? அனல்ல வாட்டிச் சுடச்சுட வெச்சிக் கட்டணும்."

"வாட்டினா சாறு பூடும் அக்கா. சாறுதான் மருந்து. எங்க நைனா அம்பது தடவ சொறி பட்டவரு, எப்பவும் கசக்கித்தான் பூசுவாரு."

"உங்க நைனா அம்பது தடவ பட்டாரே, கசக்கினது வேல செஞ்சிருந்தா மொத தடவையே பயம் தெளிஞ்சி தள்ளி நடந்திருப்பாரு."

இங்கே எரிந்துகொண்டிருந்தது என் கால்கள் என்பதை இருவரும் மறந்துவிட்டார்கள். கடைசியில் நான்தான் தீர்ப்புச் சொன்னேன்: வலது கால் கங்கம்மாவுக்கு, இடது கால் சுப்பம்மாவுக்கு. கங்கம்மா வாட்டிக் கட்டினார், சுப்பம்மா கசக்கிப் பூசினாள். இருவரும் மாறி மாறி, "இது எப்டி கீது? அது எப்டி கீது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். சூடு வைத்த கால் முதலில் தணிந்தது. கசக்கிய காலில் மறுபடி எரிச்சல் எழவில்லை. எது சிறந்தது என்று கேட்டால் இன்றும் என்னால் சொல்ல முடியாது. வலியோடு வலியாக எனக்கு ஒரே குஷி. எழுதிவைக்க வேண்டும் என்று மூட்டையைத் தேடினேன்.

அப்போதுதான் அந்த வாசனை வந்தது. புளிப்பும் துவர்ப்பும் புகையுமான அதே வாசனை.

கன்னியப்பனும் ஊர் ஆட்களும் அதற்குள் படகை இழுத்து, கொப்பரையை இறக்கி, தண்ணீர் ஊற்றி, அடுப்பு மூட்டியிருந்தார்கள். நான் நொண்டிக்கொண்டு ஓடினேன். என் காகிதங்கள் ஊறிய அப்பளம்போல மேலே மிதந்தன. மை கரைந்து ஓடியது. என் கண்டல், என் ஆவாரை, என் உமரி, என் எழுத்து எல்லாம் ஒன்றாகச் சுழன்று கொதித்தன. சால்வை அடியில் எங்கோ இருந்தது.

"என்ரை கட்டு! ஆர் இதைப் போட்டது?" என்று கத்தினேன்.

அடுப்பில் நின்ற ஆள் திகைத்துப்போனார். "கொப்பரைக்குள்ள வந்த எலையப் போடாம இன்னா பண்ணுவாங்க?"

கங்கம்மா வந்து எட்டிப் பார்த்து வாயில் கை வைத்துக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார். கொப்பரை வெறுமையாக ஊர்விட்டு ஊர் போகக் கூடாது. அனுப்புகிற ஊர் தன் பட்டையில் ஒரு பிடி போட்டு அனுப்பும். கொப்பரையோடு வெளியூர் ஆள் யாராவது வந்தால், அவரும் தன் ஊர் இலையைக் கொண்டுவந்து போட வேண்டும். எல்லாருடைய இலையும் பட்ட வலைக்குத்தான் எல்லா இடத்திலும் மீன் விழும் என்பது அவர்கள் வழக்கம். அந்தப் பெரிய மூட்டையைப் பார்த்துவிட்டு, யாழ்ப்பாணத்தார் எவ்வளவு தாராளமான மனிதர் என்று ஊரே மெச்சியிருந்தது.

உட்கார்ந்துவிட்டேன். வாடைக்காற்று தொடங்கினால் கப்பல் புறப்பட்டுவிடும். திரும்ப எல்லாவற்றையும் சேர்க்க நேரமில்லை. கண்ணை மூடினால் கிடங்குச் சுவரில் சாத்திய உலக்கை தெரிந்தது.

சுப்பம்மா தயங்கித் தயங்கிக் கேட்டாள். "அப்போ அது உங்க ஊரு எலை இல்லியா அண்ணா? உங்க ஊர்ல வலைக்கு எது போடுவாங்க?"

என் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் வலைகள் காய்கின்றன. அவை என்ன நிறம் என்று எனக்குத் தெரியும். எதனால் அந்த நிறம் என்று தெரியாது.

"எனக்குத் தெரியாது" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. அன்று சாயங்காலம் நண்டுக் குழம்பு வைத்துக் கொடுத்தார்கள். நான் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன். கோபமாக இருந்தேன் என்பதற்காக நண்டை விட்டுவிட முடியுமா?

காலையில் சத்தம் கேட்டு எழுந்தேன். கரையில் படகுகள் நின்றன. மீன்பிடிக்கப் போன படகுகளிடமெல்லாம் கங்கம்மா முந்தின நாளே சொல்லி அனுப்பியிருந்தார். தோணிரேவிலிருந்தும் வழியிலிருந்த திட்டுகளிலிருந்தும் ஆட்கள் கிளையும் பட்டையும் வேருமாக வந்திருந்தார்கள். "நம்ம கொப்பரை தின்னத நாமதானே குடுக்கணும்" என்றார் கங்கம்மா. எனக்கு அழுகை வந்துவிட்டது. அதை மறைக்க நான் ஒன்றும் செய்யவில்லை.

மறுபடி எழுத உட்கார்ந்தேன். பெட்டியில் மிச்சமிருந்த காகிதம் போதும்போல இருந்தது. போதவில்லை. ஏனென்றால் இந்தத் தடவை கங்கம்மா ஒன்று சொன்னால் சுப்பம்மா மறுத்தாள்.

"கண்டல் பட்டைய மழைக்கு முன்ன உரிக்கணும்."

"மழைக்கு முன்ன உரிச்சா மரம் செத்துப் பூடும் அக்கா. நாங்க மழை வுட்டப்பறம் ஒரு பக்கம் மட்டும் உரிப்போம். அடுத்த வருசம் அந்தப் பக்கம்."

"அதான் உங்க வலை வெளுத்துக் கெடக்குது."

"எங்க திட்டுல மரம் நிக்குது, உங்க திட்டுல கீதா?"

"அத்த எழுதிக்கோ தம்பி" என்றார் கங்கம்மா. உமரியை அவர் தின்பதற்கு மட்டும் என்று சொல்லியிருந்தார், நானும் அப்படியே எழுதியிருந்தேன். சுப்பம்மாவின் ஊரில் அதை எரித்துச் சாம்பலாக்கி, துணி வெளுக்கிறவர்களுக்குக் கொடுக்கிறார்கள். "சாம்பலாக்கறதா? சோத்துக்கு ஆவறத எவனாச்சும் கொளுத்துவானா?" என்று கங்கம்மா கொதித்தார். பண்டிதரின் பாட்டில் ஆவாரையைப் பற்றி வந்த அடியை நான் சொன்னபோது மட்டும் இருவரும் ஒரே சமயத்தில் தலையாட்டினார்கள். அன்று முழுவதும் அவர்கள் ஒத்துப்போனது அந்த ஓர் இடத்தில்தான்.

நான் எழுதிய முறையே மாறிவிட்டது. செடியின் பெயருக்குக் கீழே யார் சொன்னார், யார் மறுத்தார், தன் கையால் செய்து பார்த்தவர் யார், கேட்டதைச் சொல்கிறவர் யார் என்று எழுதினேன். கொதித்துப்போன மூட்டையில் ஒரே ஒரு வாய் சொன்னது இருந்தது. அதை அப்படியே கொண்டுபோய்க் கொடுத்திருந்தால், ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதிய அந்த நூல்களின் வரிசையில் என்னுடையதும் போய் உட்கார்ந்திருக்கும். மூட்டை கொப்பரையில் போனதற்கு அன்று மத்தியானமே நான் சந்தோஷப்பட ஆரம்பித்துவிட்டேன். வேறு யாரிடமாவது சொன்னால் பைத்தியம் என்பார்கள். கங்கம்மாதான் முதலிலேயே சொல்லிவிட்டாரே.

கோட்டைக்குத் திரும்பியதும் வைத்தியரிடம் அனுமதி கேட்டு அந்தப் பழைய புத்தகத்தைத் திறந்தேன். கண்டல் கிளையின் பக்கத்தில், 'எதற்கோ' என்ற இடத்துக்குக் கீழே சிறிய எழுத்தில் எழுதினேன்: "வலைக்கு. தோணிரேவு கங்கம்மா சொன்னது. உரிக்கும் காலத்தைச் சுண்ணாம்புக்குளம் சுப்பம்மா மறுக்கிறார்." எதிரே கல்லறைத் தோட்டத்தில் கிடந்தவருக்கு இது பிடித்திருக்கும் என்று நினைக்கிறேன்.

கப்பல் புறப்படும் நாள் கங்கம்மா கரைக்கு வந்திருந்தார். கையில் என் சால்வை. நல்ல கருஞ்சிவப்பாக இருந்தது. "உப்புத் தண்ணில போட்டாலும் மக்காது" என்று என் தோளில் போட்டார். "முறை சுத்திக்கினு எங்க ஊருக்குத் திரும்ப வரும். அப்போ கொப்பரையில உன் ஊரு எலை இருக்கணும் தம்பி. நீ கூட வந்த கொப்பரைக்கு இன்னும் ஒண்ணும் போடல."

"போடுவன் அக்கா" என்றேன்.

யாழ்ப்பாணத்தில் வைத்தியதுரை என் காகிதங்களை வாங்கி ஜன்னலோரம் உட்கார்ந்தார். நான் நின்றுகொண்டே இருந்தேன். சிரித்தார், புருவத்தைச் சுருக்கினார், மறுபடி முதலிலிருந்து படித்தார். "யார் மறுத்தார் என்பதை எழுதிய ஒரு நூலை நான் இதுவரை கண்டதில்லை" என்றார் கடைசியில். "செடிப்புத்தகம் உன் வேலை. எங்கிருந்து தொடங்கப் போகிறாய்?"

மறுநாள் எங்கள் ஊர் வலைக்கரைக்குப் போனேன். வலைகளுக்கு நடுவே இரண்டு பெண்கள் ஏதோ காயை உரலில் போட்டுக்கொண்டிருந்தார்கள். வலைக்கு என்ன போடுகிறீர்கள் என்று கேட்டேன்.

"இதென்ன கேள்வி? பனிச்சங்காய்தான். பிஞ்சிலை இடிச்சு, ஊறவைச்சுப் பிழியவேணும்" என்றாள் ஒருத்தி.

"ஆர் சொன்னது பிஞ்செண்டு? முத்தின காய்தான் நூலைப் பிடிக்கும்" என்றாள் மற்றவள்.

காகிதத்தை எடுத்தேன். இரண்டையும் செய்து பார்த்தால்தான் தெரியும், பழவேற்காட்டுக்கும் அனுப்ப வேண்டும் என்று விஷயத்தைச் சொன்னேன். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பார்க்கவேணுமெண்டால் நீரே இடியும்" என்று முதலாமவள் உலக்கையை என் பக்கம் நீட்டினாள்.

வாங்கிக்கொண்டேன். சால்வையை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு இடித்தேன். சத்தம் நன்றாகத்தான் இருந்தது.